பெரணித் தளிர் ஏன் சுருண்டு வருகிறது?

கேள்வி: எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடைக் கரையில், இடவப்பாதி மழை பிடித்ததும், பெரணிகளின் தளிர் ஆட்டுக்கிடாவின் கொம்புபோலச் சுருண்டு எழுகிறது. தேயிலைக் கொழுந்து அப்படி வருவதில்லையே, ஏன்?
வாசகி ஒருவர், வண்டிப்பெரியாறு

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உங்கள் ஓடைக் கரையில் வளர்வன போன்ற பெரும்பாலான பெரணிகளுக்குத் தண்டு என்பது மண்ணுக்குள்ளோ மண்ணை ஒட்டியோ கிடக்கும் மட்டநிலத் தண்டுதான். கிளையும் இலைகளுமாக நம் கண்ணுக்குத் தோன்றுவது, காம்பிலிருந்து நுனிச் சிற்றிலை வரை, ஒரே இலை. தேயிலையில் இலையின் நுனி முதலில் முதிர, அடிப்பகுதி பிறகு நிரம்புகிறது. பெரணியிலோ இது நேர்மாறு. அடி முதிர்ந்து விறைத்த பின்னும், நுனியில் உள்ள வளர்முனை புதிய செல்களை ஈன்றுகொண்டே இருக்கும். அந்தப் பிஞ்சு முனையை வெளியே நீட்டிக்கொண்டு சருகையும் மண்ணையும் முட்டி மேலே வந்தால் அது நசுங்கும் அல்லது காய்ந்து போகும் என்பதால், அது சுருளின் நடுவில் ஒடுங்கியிருப்பதும், பழுப்பு நிறச் செதில்களோ மயிர்களோ சுருளைப் போர்த்தியிருப்பதும் செடிக்குப் பெரும் பாதுகாப்பு.

இளம் இலையின் முதுகுப்புறம், அதாவது விரிந்த பின் தரையைப் பார்க்கப்போகும் புறம், மறுபுறத்தைவிட வேகமாக வளர்வதாலேயே இலை உள்நோக்கிச் சுருள்கிறது. பின்னர் உட்புறச் செல்கள் நீளத் தொடங்கும்போது, சுருள் அடியிலிருந்து நுனி நோக்கி அவிழ்கிறது. முழுதும் நெய்து சுருட்டி வைத்த பாயை விரிப்பதாக இதை எண்ணிவிடக் கூடாது. ஒரு முனையில் விரித்துக்கொண்டே மறுமுனையில் நெய்யப்படும் பாய் இது.

கேள்வி: அக்கம்பக்கத்து மலையாளிகள் 'சுருளி' என்று பறித்துத் தோரன் வைக்கிறார்கள். எல்லாப் பெரணித் தளிரையும் சமைக்கலாமா?

பதில்: கூடாது. அவர்கள் பறிப்பது பெரும்பாலும் ஈரமான ஓடைக் கரைகளில் வளரும் டிப்ளாசியம் எஸ்குலென்டம் என்னும் இனம். சுருள் இறுகியிருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும், அவிழ்ந்துவிட்டால் நாராகிவிடும். திறந்த புல்வெளிச் சரிவுகளில் கூட்டமாக வளரும் பிராக்கன் பெரணியும் அழகாகவே சுருண்டு எழும் என்றாலும், அதில் புற்றுநோய் உண்டாக்கும் டாக்விலோசைடு என்னும் நச்சு இருக்கிறது. ஆகவே சுருளை மட்டும் பார்த்துப் பறிக்காமல், செடியை அறிந்தவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: சுருண்டு வந்தால் அது பெரணிதான் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. சைக்கஸ் மரத்தின் இளம் சிற்றிலைகளும் இப்படியே சுருண்டிருக்கும், ஆனால் அது விதைத் தாவரம்; ஓஃபியோகிளாசமோ பெரணி இனமாக இருந்தும் சுருளாமல் நிமிர்ந்தே முளைக்கிறது. நுனி வளர்ச்சி எவ்வளவு தூரம் போகும் என்று காண விரும்பினால், வேலியிலும் புதரிலும் கொடியாகப் படரும் லைகோடியம் என்னும் பெரணியைத் தேடிப் பாருங்கள்: பல மீட்டர் ஏறிச் சுற்றியிருக்கும் அந்தக் 'கொடி', இன்னும் வளர்ந்து முடியாத ஒற்றை இலைதான்.