குண்டடி, ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேடு, போலீஸ்: கேஷுவல்டி டாக்டரிடம் கேளுங்கள்

பயிற்சி மருத்துவர்: குண்டடி பட்டவரை போலீஸ் வருமுன் தொடலாமா?
தொடாமல் வேடிக்கை பார்ப்பீர்களா? ஸ்கூட்டரில் போனவர் மீது கார் மோதியது. மெடிகோ-லீகல் கேஸ் (எம்.எல்.சி., அதாவது போலீஸ் விசாரணைக்குரிய கேஸ்) பார்க்கும் ஆஸ்பத்திரி 20 கிலோமீட்டர் தள்ளி என்று அனுப்பிவிட்டார்கள். சேருவதற்குள் உயிர் போனது. அந்த பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது: முதலில் சிகிச்சை, பிறகுதான் மற்றதெல்லாம்.

தனியார் மருத்துவர்: “போலீஸ் வேண்டாம் சார்” என்கிறார் நோயாளி.
தகவல் கொடுக்க அவர் சம்மதம் தேவையில்லை.

சட்ட மாணவி: எந்தப் பிரிவு, ஐயா?
நல்ல கேள்வி. ‘குண்டடி கண்டால் டாக்டர் தெரிவிக்கணும்’ என்று நேராகச் சொல்லும் பிரிவு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லை. எல்லோரும் கைகாட்டுவது பழைய சட்டத்தின் 39-ஆம் பிரிவை. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 33. அது டாக்டருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் பொது. தெரிவிக்க வேண்டிய குற்றங்களின் பட்டியல் அதில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் கொலை உண்டு, கொள்ளை உண்டு. கொலை முயற்சி கிடையாது!

வக்கீல்: 307 இருக்கிறதே டாக்டர்?
கொலை முயற்சிக்கு 307 என்பது பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி. கணக்கு, வக்கீல் சார். புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸில் 307 என்பது தாக்கத் தயாராக வந்து செய்யும் திருட்டு. கொலை முயற்சி 109.

அதே வக்கீல்: அப்போ சொல்லாமல் விடலாம்?
நான் அப்படிச் சொல்லவே இல்லை. மேசையில் கிடப்பவர் கொள்ளையில் சுடப்பட்டாரா, சண்டையிலா என்று காயத்தைப் பார்த்து உங்களால் சொல்ல முடியுமா? குண்டடி என்றாலே எம்.எல்.சி., அதுதான் நடைமுறை. பட்டியலில் உள்ள குற்றம் எனத் தெரிந்தே மறைத்தால் பி.என்.எஸ். 239, ஆறு மாதம் வரை சிறை. நீங்கள் வாதாடி வெளியே எடுப்பீர்கள், சரி, எத்தனை வாய்தா?

செவிலியர்: சட்டையை என்ன செய்வது?
ஓட்டை வழியாகக் கத்தரிக்காதீர்கள். கரியும் வெடிமருந்துத் துகளும் அதைச் சுற்றித்தான் இருக்கும். எவ்வளவு தூரத்தில் சுட்டார்கள் என்பதை அதுதான் காட்டும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு சீல். பிளாஸ்டிக் பையில் ஈரத் துணி பூஞ்சை பிடிக்கும். எடுத்த குண்டைப் பல் வைத்த ஃபோர்செப்ஸால் (இடுக்கியால்) பிடித்தால் கீறல் விழும். துப்பாக்கிக் குழல் குண்டில் பதித்த கோடுகளை ஒப்பிட முடியாது.

இன்னொருவர்: போலீஸ் வரும்வரை காத்திருக்கணுமா?
முதல் பதில்.

ஏர்கன் பெல்லட், விளையாட்டு என்கிறார்கள்.
விளையாட்டா என்று விசாரிப்பது போலீஸ் வேலை. ஏ.ஆர். போடுங்கள்.

நுழைந்த காயமா, வெளியேறியதா தெரியவில்லை.
இடம், அளவு, விளிம்பு எழுதி நிறுத்துங்கள். சட்டை ஓட்டையைக் கத்தரிக்காமல்!

ஸ்டேஷனுக்கு போன் போட்டால் போதாதா?
போடுங்கள். இன்டிமேஷனை (போலீஸுக்கான தகவலை) எழுத்திலும் கொடுத்து, வாங்கியவரின் கையெழுத்தையும் நேரத்தையும் நகலில் வாங்குங்கள்.

போலீஸ் வரும்வரை…
முதல் பதில்!