விளக்கு எரிகிறது, வண்டி நகரவில்லை: பழைய எஞ்சினில் டீகோடர் பொருத்துதல்

கேள்வி: அத்தர்ன் நிறுவனத்தின் பழைய ‘நீலப்பெட்டி’ வரிசை எச்ஓ (1:87 அளவு) மாதிரி ரயில் டீசல் எஞ்சினில் டிசிசி டீகோடர் (தண்டவாளம் வழியாக வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சிறு மின்பலகை) ஒன்றை நானே வயர் இணைத்துப் பொருத்தினேன். முன்விளக்கை ஏற்றவும் அணைக்கவும் முடிகிறது. ஆனால் புரோகிராமிங் தடத்தில் (டீகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் தனித் தண்டவாளம்) எந்த சிவி மதிப்பையும் (டீகோடருக்குள் பதிந்திருக்கும் அமைப்பு எண்) படிக்க முடியவில்லை. ஓடுபாதையில் வேகக் குமிழைத் திருகியதும் ஷார்ட் என்று காட்டி மின்சாரம் நின்றுவிடுகிறது. டீகோடர் பழுதா, முகவரி (கட்டளை எந்த எஞ்சினுக்கு என்று குறிக்கும் எண்) தவறா?

பதில்: முகவரி தவறாக இருந்தால் விளக்கும் உங்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்திருக்காது. எனவே சிவி மதிப்புகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வேகத்தைக் கூட்டும் கணத்தில் மட்டும் ஷார்ட் ஆவது, மோட்டார் இன்னும் தண்டவாளத்தோடு மின்தொடர்பில் இருக்கிறது என்பதற்கான ஏறத்தாழ உறுதியான அடையாளம்.

இந்த எஞ்சின்கள் டிசி என்ற சாதாரண நேர்மின்சாரத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. மோட்டாரின் அடிப்புறத்தில் உள்ள உலோகக் கிளிப்பின் இரு சிறு முட்கள் எஞ்சினின் உலோகச் சட்டகத்தைத் தொட்டு, ஒரு தண்டவாளத்தின் மின்சாரத்தை அதன் வழியாகவே பெறுகின்றன. மேல் கிளிப்புக்கு மற்றத் தண்டவாளத்தின் மின்சாரம் வருகிறது. டிசியில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. டிசிசியிலோ மோட்டாருக்கு மின்சாரம் டீகோடரிலிருந்து மட்டுமே வர வேண்டும். வண்டி நிற்கும்போது டீகோடரின் மோட்டார் முனைகள் அணைந்திருப்பதால் கோளாறு வெளியே தெரியாது. குமிழைத் திருகியதும் அவை திறக்க, தண்டவாளத்து மின்சாரம் நேராக அவற்றுக்குள் பாய்கிறது. சிவி படிக்க முடியாததற்கும் காரணம் இதுவாகவே இருக்கலாம். புரோகிராமிங் தடத்தில் டீகோடர் தன் பதிலை, மோட்டாரை ஒரு கணம் துடிக்கவைத்து, குறைந்தது 60 மில்லிஆம்பியர் கூடுதல் மின்னோட்டத்தைச் சுமார் 6 மில்லிநொடிக்கு இழுப்பதன் மூலமே தெரிவிக்கிறது. மோட்டார் இணைப்பு சரியில்லையென்றால் அந்தப் பதில் வந்து சேராது. (சக்கரம் அழுக்காக இருந்தாலும் இதே விளைவுதான், முதலில் துடைத்துவிடுங்கள்.)

டீகோடரைக் கழற்றி, மோட்டாரை வெளியே எடுங்கள். அடிக் கிளிப்பின் முட்களை வெட்டிவிடுங்கள் அல்லது தட்டையாக மடக்குங்கள். மோட்டார் அமரும் இடத்தில் காப்டன் டேப்பை (சூடு தாங்கும் மின்காப்பு டேப்) இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். மின்வேலைக்கு நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கறுப்பு டேப் சூட்டில் பசை கசிந்து நழுவும் என்பதால் இங்கே ஆகாது. டீகோடரின் சாம்பல் வயரை அடிக் கிளிப்பிலும், ஆரஞ்சு வயரை மேல் கிளிப்பிலும் பற்றவையுங்கள். கிளிப்புகளை மோட்டாரிலிருந்து தனியே எடுத்துப் பற்றவைப்பது நல்லது, இல்லையென்றால் பிரஷ் (மோட்டாருக்குள் மின்சாரத்தைச் செலுத்தும் கரித்துண்டு) இருக்கும் இடம் சூட்டில் உருகலாம். மேல் கிளிப்போடு இருந்த பழைய உலோகப் பட்டை இனி மோட்டாரைத் தொடக் கூடாது. அந்தப் பக்கத்து மின்சாரமும் சட்டகத்து மின்சாரமும் சிவப்பு, கறுப்பு வயர்கள் வழியாக டீகோடருக்கு மட்டுமே போக வேண்டும். முன்விளக்கின் ஒரு முனை சட்டகத்தைத் தொட்டிருந்தால் அதையும் பிரித்து, நீலம், வெள்ளை வயர்களுக்கு இடையில் மட்டும் இணையுங்கள். எல்இடி என்றால் நேர்முனை நீலத்துக்கு. சுமார் 1 கிலோஓம் மின்தடை கட்டாயம்.

மோட்டார் வயர்களை டீகோடரோடு சேர்ப்பதற்கு முன் மல்டிமீட்டரால் சோதியுங்கள். மோட்டாரின் எந்த முனைக்கும் இரு பக்கச் சக்கரங்களோடோ சட்டகத்தோடோ தொடர்பே காட்டக் கூடாது. கூடவே, 12 வோல்ட் டிசியில் மோட்டாரின் அச்சை ஒரு நொடி அசையாமல் பிடித்து மின்னோட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அது டீகோடரின் தாங்குதிறனைத் தாண்டினால் பெரிய டீகோடர்தான் வழி. பழைய மோட்டார்களை வைத்திருப்பவர்கள் இந்த ஒரு நொடியை மிச்சப்படுத்துவது எனக்குப் புரிவதே இல்லை.

பிறகு புரோகிராமிங் தடத்தில் முகவரி பதிந்திருக்கும் சிவி 1-ஐப் படியுங்கள்; புதிய டீகோடர் 3 என்று காட்டும். அங்கே மின்னோட்டம் ஏறத்தாழ 250 மில்லிஆம்பியருக்குக் கட்டுப்படுத்தப்படுவதால், தவறு இருந்தாலும் டீகோடர் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஓடுபாதையில் அந்தச் சலுகை கிடையாது.

ஓடும்போது திசை மாறியிருந்தால் விளக்கைப் பாருங்கள். விளக்கும் சேர்ந்து மாறியிருந்தால், ஓட்டத் திசை அமைப்பு உள்ள சிவி 29-இல் 1-ஐக் கூட்டினால் போதும். வழக்கமான 6 என்பது 7 ஆகும். மோட்டார் மட்டும் மாறியிருந்தால் ஆரஞ்சையும் சாம்பலையும் இடம் மாற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகு விளக்கு மட்டும் எரிந்து மோட்டார் அசையவில்லையென்றால், முதல் ஷார்ட்டிலேயே டீகோடரின் மோட்டார் பகுதி கருகியிருக்கும். அதைத் தூக்கி எறிய வேண்டாம். பயணிகள் பெட்டியின் விளக்குகளை இயக்க அது இன்னும் உதவும்.