காபரே பாடகிக்கு இவ்வளவு மரியாதையா?

கேள்வி: போலந்து நடிகையும் பாடகியுமான ஹன்கா ஓர்டோனுவ்னாவை அந்த நாட்டில் இன்னும் கொண்டாடுகிறார்களே! காபரேயில் ஆடியவர், ஒரு பாட்டு ஹிட்டானது, ஒரு பிரபுவைக் கட்டிக்கொண்டார். வேறு என்ன சாதித்தார்?

பதில்: காபரே என்றால் மட்டமா? தலைநகர் வார்சாவின் ‘குயி புரோ குவோ’ காபரே அரங்குக்குப் பாட்டு எழுதியவர் யூலியன் துவிம், போலந்தின் பெருங்கவிகளில் ஒருவர். 1933இல் வந்த படமொன்றுக்கு ஹென்ரிக் வார்ஸ் இசையில் துவிம் எழுதியதுதான் நீங்கள் சொல்லும் ஹிட் பாட்டு. காதல் எல்லாவற்றையும் மன்னிக்கும் என்று தொடங்கும். ஓர்டோனுவ்னாவுக்குப் பெரிய குரல்வளம் கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் நடித்துப் பாடுவார். ஒரு ரயில்வே ஊழியரின் மகள், பதினாறு வயதில் நடனமாட மேடையேறி, உழைத்து வந்த இடம் அது.

சரி, பிரபுவுக்கு வருவோம். மிஹாவ் திஷ்கியேவிச்சை மணந்தது 1931இல். எட்டு வருடத்தில் போர். ஜெர்மானியர்கள் ஓர்டோனுவ்னாவை வார்சாவின் பாவியாக் சிறையில் அடைத்தார்கள். வெளியே வந்து லிதுவேனியாவின் வில்னியூஸுக்குப் போனார். அங்கே சோவியத்துகள் பிடித்து நாடுகடத்தினார்கள். 1941இல் நாட்டுக்கு வெளியே இயங்கிய போலந்து அரசுக்கும் மாஸ்கோவுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தால்தான் விடுதலை. உடம்பில் காசநோய் வேறு.

அப்புறம் செய்ததைத்தான் நீங்கள் கேள்வியில் விட்டுவிட்டீர்கள். ஸ்டாலின் ஆட்சி நாடுகடத்திய போலந்துக் குடும்பங்களில் பெற்றோரைப் பசிக்கும் நோய்க்கும் பறிகொடுத்த பிள்ளைகள் ஏராளம். மேடையில் பட்டும் இறகுமாக நின்றவர், அந்தப் பிள்ளைகளின் பேனும் சொறியும் பார்க்க உட்கார்ந்தார். 1942இல் சோவியத் துர்க்மேனியாவின் அஷ்காபாத்திலிருந்து லாரிகளில், பாரசீக மலைப்பாதை வழியாக, அநாதைப் பிள்ளைகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்த முயற்சியில் அவருக்கும் பங்கு உண்டு. பிள்ளைகள் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். நவாநகர் மன்னர் திக்விஜயசிங்ஜி ஜாம்நகர் அருகே பாலாச்சடியில் அவர்களுக்கு முகாம் கட்டிக் கொடுத்தார். வார்சாவில் அந்த மன்னர் நினைவாக ஒரு சதுக்கமே இருக்கிறது.

அந்தப் பிள்ளைகளின் கதையை ஓர்டோனுவ்னா புத்தகமாகவும் எழுதினார். 1948இல் பெய்ரூட்டில் வெளியான அதில் தன் பெயரைப் போடவில்லை. வெரோனிகா ஹோர்ட் என்ற புனைபெயர்தான். ஊர் திரும்பாமலே 1950இல் அதே பெய்ரூட்டில், நாற்பத்தேழு வயதில் இறந்தார். உடலை வார்சாவுக்குக் கொண்டுவந்து பொவோன்ஸ்கி கல்லறையில் அடக்கம் செய்யவே 1990 ஆகிவிட்டது. இன்னும் கொண்டாடுகிறார்கள் என்கிறீர்கள். தாமதமாகத்தான் தொடங்கினார்கள் என்பேன் நான்.