உதட்டுக் கொப்புளமும் மருந்துக்கடைக் களிம்பும்: கேள்வி-பதில்

கேள்வி: காய்ச்சல் விட்டதும் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் கிளம்புகிறது. பல்லி எச்சம் பட்டிருக்கும் என்கிறார் மாமியார். உடம்புச் சூடு என்று சொல்லி ஒரு குளிர்ச்சித் தைலத்தை வாங்கி வந்திருக்கிறார் கணவர். (வாசகி, ஈரோடு)

பதில்: பல்லியை விட்டுவிடுங்கள், தைலத்தையும் திறக்க வேண்டாம். இது ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸின் வேலை. பெரும்பாலும் சிறு வயதிலேயே யாரோ ஒருவர் கொஞ்சிய முத்தத்தின் வழியாக உள்ளே வந்து, முகத்து நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடக்கும் அந்த வைரஸ், காய்ச்சல், கடும் வெயில், தூக்கக் குறைவு, மன உளைச்சல், மாதவிலக்கு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தட்டியெழுப்பும்போது மீண்டும் உதட்டுக்கு வருகிறது. பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் தானாகவே ஆறிவிடும்.

கேள்வி: அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்புக் களிம்பு வாங்கித் தடவினேன், பயனில்லை. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். பொருக்குக் கட்டிய பிறகு, ஐந்தாம் நாளில்தான் தொடங்கினேன்.

பதில்: அவர் மறுத்தது சரிதான். உதட்டில் குறுகுறுப்பு தோன்றிய உடனே தொடங்கி, ஒரு நாளைக்கு ஐந்து முறை தடவ வேண்டிய மருந்து அது. அப்படிச் செய்தாலும் குறைவது ஏறத்தாழ ஒரு நாள் தொல்லைதான். அடிக்கடி வருமானால் மருத்துவரிடம் வாலாசைக்ளோவிர் மாத்திரை பற்றிக் கேளுங்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளையாவது இனிமேல் படியுங்கள்.

கேள்வி: புண்ணைக் காட்டியதும், “எல்லாவற்றுக்கும் கேட்கும்” என்று ஒரு களிம்பைக் கொடுத்தார் மருந்துக்கடைக்காரர். நான்கே நாளில் புண் மூக்குவரை பரவிவிட்டது. பில் கேட்டதற்குச் சிரித்தார். (வாசகர், திருச்சி)

பதில்: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. ஸ்டீராய்டு, பாக்டீரியா மருந்து, பூஞ்சை மருந்து என மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து விற்கும் இந்தக் கலவைகளைப் பற்றி எழுதி எழுதி என் கை ஓய்ந்துவிட்டது. மூன்றில் ஒன்றுகூட வைரஸைத் தொடாது. அதிலும் ஸ்டீராய்டு, அவ்விடத்து எதிர்ப்பாற்றலை அடக்கி, வைரஸ் பெருக வழிவிடுகிறது. 2018-இல் ஸ்டீராய்டு களிம்புகள் எச் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதாவது, மருத்துவர் சீட்டில்லாமல் அவற்றை விற்கக் கூடாது. நானே ஒரு முறை படர்தாமரைக்கு இத்தகைய களிம்பை வாங்கித் தடவி, இரண்டு நாள் அரிப்பு அடங்கியதும் கடைக்காரரைப் புகழ்ந்து, பிறகு ஆறு மாதம் தோல் மருத்துவரிடம் அலைந்தவன். குழாய், அட்டைப் பெட்டி, பணம் செலுத்திய கைப்பேசிப் பதிவு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இழப்பீடு வேண்டுமென்றால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 1915 என்ற உதவி எண்ணில் வழி சொல்வார்கள். முதலில் அந்தக் களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், கண் சிவந்தால் அன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: ‘வைரஸை வேரோடு அழிக்கும்’ என்ற விளம்பரத்தை நம்பி மாத்திரை வாங்கினேன். இது மூன்றாவது டப்பா. நான்காவதும் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நரம்பில் குடியேறிய இந்த வைரஸை அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. முதல் டப்பா தீர்ந்த அன்றே இந்தக் கடிதத்தை எழுதியிருக்கலாமே.

கேள்வி: வெயிலில் போனாலே வந்துவிடுகிறது. உதட்டுத் தைலம் (லிப் பாம்) வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். வெயில் காப்பின் அளவைச் சொல்லும் எஸ்பிஎஃப் எண் 30 அல்லது அதற்கு மேல் என்று அச்சிடப்பட்டிருக்க வேண்டும். புதினா மணத்துக்கு மயங்கி நான் ரூ. 900 கொடுத்து வாங்கிய டப்பாவில் அந்த எண்ணே இல்லை, எரிச்சல் மட்டும் தாராளமாக இருந்தது.

கேள்வி: கொப்புளம் இருக்கும்போது, தங்கையின் இருபது நாள் குழந்தையை முத்தமிட ஏதுவாக, தொற்றாமல் தடுக்கும் களிம்பு எது?

பதில்: எதுவும் இல்லை. பிறந்த சில வாரங்களில் இந்தத் தொற்று உயிருக்கே ஆபத்தாகலாம். புண் முழுதும் ஆறும்வரை முத்தம் வேண்டாம், குழந்தையைத் தொடும் முன் கையைச் சோப்பால் கழுவுங்கள்.