எல்கருக்குக் கிடைத்த மேடை

கேள்வி: ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோவை, அதாவது வாத்தியக் குழுவோடு செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) முன்னின்று வாசிக்கும் படைப்பை, கேட்டதிலிருந்து வேறு எதுவும் பிடிக்கவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் செல்லோவுக்கு எழுதிய பெண்கள் யாருமே இல்லையா?
- வாசகி ஒருவர்

பதில்: இல்லாமல் என்ன? எல்கருடையது அரங்கேறிய அதே 1919-இல் இங்கிலாந்து இசையமைப்பாளர் ரெபெக்கா கிளார்க் தன் வயோலா சொனாட்டாவை (வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவுக்கும் பியானோவுக்குமான படைப்பு) அமெரிக்காவில் ஒரு போட்டிக்கு அனுப்பினார். பெயரை மறைத்து நடந்த போட்டி. அவருடையதும் இசையமைப்பாளர் எர்னெஸ்ட் பிளாக்கினுடையதும் சமமாக நிற்க, போட்டியை நடத்திய எலிசபெத் கூலிட்ஜ் அம்மையார் பிளாக்குக்கு ஓட்டுப் போட்டுவிட்டார். அப்புறம் வந்த வதந்திதான் கொடுமை: ‘ரெபெக்கா கிளார்க்’ என்பதே பிளாக்கின் புனைபெயராம்!

வயோலா சொனாட்டாவுக்கும் செல்லோவுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். 1921-இல் அச்சான பிரதியிலேயே ‘வயோலா அல்லது செல்லோ’ என்று போட்டிருக்கிறது. செல்லோக்காரர்கள்தான் வெகுகாலம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 1923-இல் அதே கூலிட்ஜ் கேட்டு கிளார்க் செல்லோவுக்கென்றே ஒரு ராப்சடி (கட்டற்ற வடிவப் படைப்பு) எழுதினார், மே மக்கிள் செல்லோவும் மைரா ஹெஸ் பியானோவும் வாசித்தார்கள், இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் பெரிய படைப்பு, அப்புறம் பல பத்தாண்டுகள் அச்சேறாமல் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. பிரதி கடையில் கிடைக்காவிட்டால் எந்த மாணவர் வாங்கிப் பழகுவார்?

எல்கரின் கான்செர்ட்டோவும் முதல் நாள் சொதப்பல்தான், ஒத்திகைக்கு நேரம் போதவில்லை. ஆனால் அதற்கு மறுபடி மேடை கிடைத்தது, செல்லோக் கலைஞர் பியாட்ரிஸ் ஹாரிசன் இசைத்தட்டில் வாசித்தார், 1965-இல் இன்னொரு செல்லோக் கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே பதிவு செய்தார். கிளார்க்குக்கு அந்த மறுவாய்ப்பு வந்ததே தற்செயலாக. மைரா ஹெஸ் பற்றி நிகழ்ச்சி தயாரிக்க நியூயார்க் வானொலிக்காரர் ஒருவர் கிளார்க்கைப் பேட்டி காணப் போனார், போன இடத்தில்தான் பாட்டியம்மாவே இசையமைத்தவர் என்று தெரிந்தது. 1976-இல், கிளார்க்குக்கு 90 வயது ஆனபோது, அவருடைய இசையையே ஒலிபரப்பினார்கள்.

கேள்வி: சரி, எதில் தொடங்கலாம்?
- அதே வாசகி

பதில்: ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ் பிடிக்குமென்றால் எத்தல் ஸ்மித்தின் ஏ மைனர் செல்லோ சொனாட்டா, 1887. பெண்கள் ஓட்டுரிமைக்காகச் சிறைக்குப் போனாரே, அவரேதான். நேரமில்லை என்றால் இமோஜென் ஹோல்ஸ்ட் 1962-இல் தனி செல்லோவுக்கு எழுதிய ‘த ஃபால் ஆஃப் த லீஃப்’. பியானோகூடக் கிடையாது, சின்னச் சின்னப் பகுதிகள், இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ராப்சடியை மட்டும் முதல் நாளே தொடாதீர்கள், கொஞ்சம் இருட்டான சங்கதி அது.