‘எந்த ஆபரேஷன் வேண்டும்?’ என்று டாக்டர் என்னைக் கேட்கிறாரே!

கேள்வி: மும்பை தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறேன். வயது 59. கண் நீர் அழுத்த நோய்க்கு மூன்று வகைச் சொட்டு மருந்து போட்டும் வலது கண்ணில் பிரஷர் 26-க்குக் கீழே இறங்கவில்லை. ஆபரேஷன்தான் வழி என்கிறார்கள். ட்ராபெக்குலெக்டமி, குழாய் வைப்பது என்று இரண்டைச் சொல்லி, “உங்களுக்கு எது தோதுப்படும்?” என்று டாக்டர் கேட்கிறார். நான் ஏழாவது வரை படித்தவன். எனக்கு என்ன தெரியும்? சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே போய்ச் செய்துகொள்ளலாமா?

பதில்: ஐயா, உங்கள் டாக்டர் நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் சொல்லப் படிப்பு வேண்டாம். உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது, வீட்டில் யார் துணை, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்பது போதும். இவை எந்த ஸ்கேனிலும் தெரியாது.

அதற்கு முன் ஒன்று. இந்த நோயில் போன பார்வை எந்த ஆபரேஷனாலும் திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் செய்கிறோம். கண்புரை ஆபரேஷன் செய்த பக்கத்து வீட்டுக்காரர் மறுநாளே பளிச்சென்று தெரிந்ததாகச் சொல்லியிருப்பார். அதே எண்ணத்தோடு இதற்கு வந்தால் மனம் உடைந்துபோவீர்கள். ட்ராபெக்குலெக்டமி முடிந்து சில வாரங்களுக்குப் பார்வை முன்பைவிட மங்கலாகவும் இருக்கலாம்.

இந்த முறையில் மேல் இமைக்கு அடியில், கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு சிறு வழி திறந்து, உள்ளே தேங்கும் நீரை மேல்சவ்வுக்கு அடியில் வடிய விடுவார்கள். 1968-லிருந்து வழக்கத்தில் உள்ளது. பிரஷரை நன்றாக இறக்கும். சொட்டு மருந்தே தேவைப்படாமல் போகிறவர்களும் உண்டு. ஆனால் புண் ஆறும்போது அந்த வழியும் மூடப் பார்க்கும், சில சமயம் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கிவிடும். அதனால் முதல் ஒன்றரை மாதம் அடிக்கடி வந்து காட்ட வேண்டும். தையலைத் தளர்த்துவதா விடுவதா என்று அந்த நாட்களில்தான் முடிவாகும்.

ஊருக்குப் போகலாமா என்றீர்கள். தாராளமாகப் போகலாம், அந்த ஒன்றரை மாதமும் அங்கேயே தங்க முடியுமானால். ஒரு வாரத்தில் கடையைத் திறக்க ரயிலேறுவதாக இருந்தால் வேண்டாம். ஆபரேஷன் செய்த கையே தொடர்ந்து பார்ப்பது இதில் அவ்வளவு முக்கியம்.

குழாய் முறையில் ஒரு சிறு தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில் தைத்து, அதிலிருந்து மெல்லிய குழாயை உள்ளே விடுவார்கள். மதுரையில் அரோலேப் நிறுவனம் தயாரிக்கும் குழாய் விலை குறைவு என்பதால் நம் நாட்டில் பரவலாக வைக்கிறார்கள். அதில் வால்வு கிடையாது. ஆகவே கரையும் நூலால் கட்டிவிடுவார்கள். ஐந்தாறு வாரத்தில் நூல் கரைந்து நீர் வடியத் தொடங்கும். அதுவரை பழைய சொட்டுகளை நிறுத்தக் கூடாது. பிறகும் ஒன்றிரண்டு தொடரலாம். சிலருக்கு இரட்டையாகத் தெரிவதும் உண்டு. முன்பு ஆபரேஷன் செய்து தழும்பேறிய கண்ணுக்கு இதுவே பெரும்பாலும் பொருத்தம்.

இனி உங்கள் பங்கு. மாவு அண்டா தூக்குகிறீர்களா, அடுப்பின் முன் குனிந்து நிற்கிறீர்களா, சில வாரங்களுக்கு அதை யார் பார்ப்பார்கள்? சொட்டு மருந்து உங்களுக்கு எரிச்சலா, செலவா, அல்லது விடியற்காலை வேலையில் மறந்துபோகிறதா? இடது கண் எப்படி இருக்கிறது? மழைக்காலத்தில் உங்கள் சந்தில் தண்ணீர் நிற்குமா? ‘சொட்டிலிருந்து விடுதலை கிடைத்தால் போதும், அலைச்சல் பரவாயில்லை’ என்பவருக்கும் ‘மருந்து போட்டுக்கொள்கிறேன், அடிக்கடி லீவு போட முடியாது’ என்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. கூச்சப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள், பணத்தையும் சேர்த்துத்தான்.

விருப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கண் நரம்பு அதிகம் பாதித்திருந்தால் பிரஷர் மிகவும் கீழே இறங்கியே ஆக வேண்டும். ‘சின்னதாக ஒரு ஸ்டென்ட் (நீர் வடியக் கண்ணுக்குள் வைக்கும் மிகச் சிறு குழாய்) வைத்தால் போதாதா’ என்று பலர் கேட்கிறார்கள். அது ஆரம்ப, நடுத்தர நிலைக்கானது. ஆபரேஷன் என்றாலே நடுக்கமாக இருந்தால் இதைக் கேளுங்கள்: நோய் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களை வைத்து பிரிட்டனில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் ட்ராபெக்குலெக்டமி செய்தவர்களுக்குப் பிரஷர் சராசரியாக 12, மருந்தில் இருந்தவர்களுக்கு 15. அன்றாட வாழ்க்கைத் தரத்தில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆஸ்பத்திரியில் இந்தியோ மராத்தியோ பேசுவார்கள் என்றால் பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். ஆனால் அவர் உங்களுக்காக முடிவெடுக்க வேண்டாம், நீங்கள் சொல்வதை அப்படியே சொன்னால் போதும். “என் கண்ணுக்கு எத்தனை பிரஷர் இருக்க வேண்டும், இரண்டில் எது அங்கே கொண்டுபோகும்?” என்று கேட்டு வாங்குங்கள். ஆபரேஷன் வரை மூன்று சொட்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ட்ராபெக்குலெக்டமி செய்தால், ஆண்டுகள் கழித்தும்கூட, அந்தக் கண் சிவந்து வலித்தாலோ சீழ் கட்டினாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.