வாராக்கடன் எல்லாம் மோசடிக் கடன் ஆகிவிடுமா?

கேள்வி: சி.ஏ. முடித்துவிட்டு, அமெரிக்க வழக்கறிஞர்களுக்கு ஆய்வு செய்து தரும் சென்னை நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். 2006-இல் கொடுத்த சப்பிரைம் (கடனைத் திருப்பிக் கட்டும் தகுதி குறைந்தவர்களுக்கான) வீட்டுக் கடன் கோப்புகளைத் தந்து, எவையெல்லாம் விதிமீறிய கடன் என்று குறிக்கச் சொல்கிறார்கள். பாதிக்குமேல் வாராக்கடன். அவை எல்லாவற்றையும் குறித்துவிடலாமா?

பதில்: கூடாது. தவணை நின்றது என்ற தகவலை முதலில் ஓரமாக வையுங்கள். வேலை போனாலும் தவணை நிற்கும், விவாகரத்து ஆனாலும் நிற்கும். நீங்கள் பார்க்க வேண்டியது, கையெழுத்தான நாளில் அந்தக் கடன் வங்கியின் சொந்த விதிமுறைக்குள் இருந்ததா, அத்தகைய கடன்களைத் தொகுத்து முதலீட்டாளர்களுக்குப் பத்திரமாக விற்றபோது சொன்ன விவரத்தோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான். ஒழுங்காகத் தவணை கட்டிவரும் கடன்கூட இதில் தோற்கலாம்.

ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். உணவக ஊழியர் ஒருவர், மாத வருமானம் 9,000 டாலர் என்று தானே எழுதிக்கொடுத்திருக்கிறார். சான்று கேட்காத வகைக் கடன்தான். ஆனாலும் அந்த வேலைக்கு அந்த வருமானம் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்கும்படி விதிமுறை பெரும்பாலும் சொல்லியிருக்கும். பார்த்ததற்கான தடயம் கோப்பில் உண்டா? அப்புறம், அவர் கடன் வாங்கிய அடுத்த 2 ஆண்டுகளுக்குள் திவால் மனு போட்டிருந்தால் தேடி எடுங்கள். அதில் முந்தைய 2 ஆண்டுகளின் வருமானத்தையும் எழுதியாக வேண்டும். மனு பின்னால் வந்ததுதான், ஆனால் அது சொல்வது அன்றைய உண்மையை. வீட்டு மதிப்பு அப்படியல்ல. கடன் தேதிக்கு முன் நடந்த விற்பனைகளை மட்டும் வைத்தே கணக்கிட வேண்டும். 2008-இன் விலை ஒன்று உள்ளே நுழைந்தாலும் எதிர்த்தரப்பு விடாது.

இந்த முறை நீதிமன்றத்தில் நின்றிருக்கிறது. இத்தகைய பத்திரங்களை வாங்கிய அமெரிக்க வீட்டுக் கடன் நிறுவனங்களான ஃபேனி மே, ஃபிரெடி மேக் சார்பில், அவற்றின் கண்காணிப்பு அமைப்பு, பத்திரங்களை விற்ற நோமுரா நிதி நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், ஒவ்வொரு கடன் தொகுப்பிலும் சுமார் 100 கடன்களை மாதிரியாக எடுத்து ஆராய்ந்தார்கள். குறைந்தது 45 சதவீதக் கடன்களில் கடுமையான குறை என்று நீதிபதி டெனிஸ் கோட் 2015-இல் முடிவுசெய்தார். தீர்ப்புத் தொகை சுமார் 80.6 கோடி டாலர். நாடு முழுக்க வீட்டு விலை சரிந்ததுதான் நஷ்டத்துக்குக் காரணம் என்ற வாதம் எடுபடவில்லை. பத்திரம் விற்கும்போது தவறான விவரம் தருவது பற்றிய அந்தச் சட்டப்பிரிவில் அதை நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது. 2017-இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது.

சரி, உங்கள் வழக்கு எந்த வகை? விதிமீறிய கடனை ஒப்பந்தப்படி திரும்ப வாங்கிக்கொள் என்று விற்றவரிடம் கேட்பதாக இருந்தால், மாதிரியை மட்டும் நம்ப முடியாது. அறிவிப்பு அனுப்பி அப்படிக் கேட்பதற்கு, வழக்குக்கு முன்பே ஒவ்வொரு கடனையும் தனித்தனியாகச் சுட்டியிருக்க வேண்டும் என்று நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. இதை உங்கள் மேலாளரிடம் இன்றே கேட்டுவிடுங்கள். எத்தனை கோப்பு பார்ப்பது என்பதே இதனால் மாறும்.

ஒவ்வொரு குறைக்கும் எதிரே விதிமுறையின் பிரிவு எண், அது எந்தத் தேதிப் பதிப்பு, கோப்பின் பக்க எண் மூன்றையும் எழுதுங்கள். விதிமுறைகள் அப்போது அடிக்கடி மாறின. தவறான பதிப்பை வைத்துக் குறித்த கடன்களைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவார்.